ஒலி ஒத்தால் உறவாகுமா? – 'ஆலிஸ்' என்னும் பெயர் புகட்டும் பாடம்



"உன் பெயரின் பொருளைக் கண்டறிந்து எழுதுக" என மாணவருக்கு இடுபணி கொடுப்பது நம் பள்ளிகளில் வழக்கம். நல்ல வழக்கந்தான். ஆனால், அந்த இடுபணி எப்படி நிறைவேறுகிறது? மாணவர் இணையத்தில் பெயரைத் தட்டுகிறார். முதலில் வந்து விழும் பட்டியலில் உள்ள பொருளைப் பார்த்து எழுதுகிறார். அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டும் எழுதுகிறார். நாம் சரி போட்டுவிட்டு அடுத்த ஏட்டை எடுக்கிறோம். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என மாணவரும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

இந்தப் போக்கைக் கண்டிப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஒரு பெயருக்குப் பொருள் தெரியாமல் இருப்பது குற்றமன்று. பொய்யான பொருளை வகுப்பறையில் ஏற்றுக்கொண்டு, அதற்குச் சரி என்று குறியும் இடுவது குற்றம். முன்னது வெறும் அறியாமை. பின்னது அறியாமைக்கு நாமே இடும் முத்திரை.

இதை விளக்க நம் தமிழ்ப் பெயர் எதையும் நான் எடுக்கப் போவதில்லை. நம் பெயர் என்றால் பற்று குறுக்கே வரும், கண் மறைக்கும். நமக்கு ஒட்டும் உறவும் இல்லாத, அதே வேளையில் எல்லாரும் அறிந்த ஓர் ஐரோப்பியப் பெண்பெயரை எடுத்துக்கொள்வோம். 'ஆலிஸ்' என்பது அந்தப் பெயர்.

மூன்று விடைகள், மூன்றும் பிழை

ஆலிஸ் என்பதன் பொருள் என்ன என்று தேடினால், கிரேக்க மொழியில் 'உண்மை' என்று பொருள்படும் 'அலேதேயா' என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று சில பட்டியல்கள் சொல்லும். எபிரேய மொழியில் 'மகிழ்ச்சி மிக்கவள்' என்று பொருள்படும் 'அலீசா' என்ற பெயரோடு இதனைச் சேர்த்து வைப்பவர்களும் உளர். இரண்டும் கேட்க இனிமையாக இருக்கின்றன. பெற்ற பிள்ளைக்கு உண்மை என்றும் மகிழ்ச்சி என்றும் பெயர் வைக்க எவருக்குத்தான் ஆசை இராது?

மூன்றாவது விடையை நானே சமைத்துக் காட்டுகிறேன். ஆலிஸ் என்பதன் மூத்த வடிவம் 'அடெல்ஹைட்' என்னும் செருமானியப் பெயர். அதன் முதற்பகுதி 'அடல்'. தமிழில் 'அடல்' என்றால் வலிமை, வெற்றி. ஆகவே, ஐரோப்பிய அரசிகள் பூண்ட பெயர் தமிழிலிருந்து சென்றதே! பார்த்தீர்களா? இரண்டு நிமையத்தில் ஒரு 'கண்டுபிடிப்பு'. இதனை அழகாக எழுதி நான்கு பேருக்கு அனுப்பிவிட்டால், நாளை நானூறு பேர் கைதட்டுவர். மறுவாரம் ஏதேனும் ஒரு பள்ளியின் மொழிக்கழகத்தில் மாணவர் ஒருவர் மேடையேறி இதனையே முழங்கக்கூடும்.

மூன்று விடைகளுக்கும் அடிப்படை ஒன்றே: காதுக்கு ஒத்திருக்கிறது என்பது மட்டுமே. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை. ஆனால், வேர் காண்பதற்குத் தேவை.

பெயர் பிறந்த இடம்

பழைய செருமானிய மக்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களை இணைத்துப் பெயர் வைத்தனர். பெற்றோர் இருவர் பெயரிலிருந்தும் ஒவ்வொரு பகுதியை எடுத்துப் பிள்ளைக்குச் சூட்டுவதும் உண்டு. இங்கிலாந்தின் உஸ்டர் நகரில் ஆயராக விளங்கி 1095ஆம் ஆண்டில் மறைந்த வுல்ஃப்ஸ்தான் என்பவரின் தந்தை பெயர் எதல்ஸ்தான். தாய் பெயர் வுல்ஃப்கிஃபு. தாயிடமிருந்து 'வுல்ஃப்' (ஓநாய்), தந்தையிடமிருந்து 'ஸ்தான்' (கல்). இரண்டையும் சேர்த்து 'ஓநாய்க்கல்' என்று பொருள் கூறினால் நகைப்புத்தான் மிஞ்சும். பெயரின் பகுதிகளுக்குத் தனித்தனியே பொருள் உண்டு. முழுப்பெயரும் ஒரு சொற்றொடர்போல் பொருள் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'இந்தப் பெயரின் பொருள் இதுதான்' என்று ஒரே வரியில் அடித்துச் சொல்லும் பட்டியல்கள் இங்கேயே முதற்சறுக்கலைச் சந்திக்கின்றன.

அடெல்ஹைட் என்பதும் இப்படி இரண்டு பகுதிகளால் ஆனது. முதற்பகுதி குடிப்பிறப்பை, உயர்குலத்தைக் குறிப்பது. வுல்ஃப்ஸ்தானின் தந்தை பெயரில் உள்ள 'எதல்' என்பதும், 526 முதல் 534 வரை இத்தாலியை ஆண்ட கோத்திய அரசன் அதலரிக்கின் பெயரில் உள்ள 'அதல' என்பதும் இதே சொல்தான். இரண்டாம் பகுதி விதம், தன்மை, நிலை ஆகியவற்றைக் குறிப்பது. கோத்திய மொழியில் 'ஹைதுஸ்', பழைய ஆங்கிலத்தில் 'ஹாத்'. இன்றைய ஆங்கிலத்தில் குழந்தைப் பருவத்தைச் 'சைல்ட்ஹூட்' என்கிறோமே, அந்த 'ஹூட்' இதுதான். இடாய்ச்சு மொழியில் விடுதலையைக் குறிக்கும் 'ஃபிரைஹைட்' என்ற சொல்லின் ஈறும் இதுதான். நம் 'மை' ஈறுபோல் அது பண்புப்பெயர் ஈறாக இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஆக, உயர்குடி, தன்மை என்பனவே அப்பெயருள் உறையும் இரண்டு கருத்துகள். உண்மையும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.

ஆவணங்கள் பேசுகின்றன

இதெல்லாம் யாரோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஊகித்தவை அல்ல. ஆவணங்கள் இருக்கின்றன.

931ஆம் ஆண்டில் பர்கண்டி அரசகுலத்தில் பிறந்த அடெல்ஹைட் என்பவர் முதலில் இத்தாலிய அரசன் லோத்தாரை மணந்தார். அவன் 950இல் இறந்தான். மறு ஆண்டில் எதிரியிடம் சிறைப்பட்டார், தப்பினார், அதே 951இல் செருமானிய அரசன் முதலாம் ஓட்டோவை மணந்தார். 962இல் உரோமையில் பேரரசியாக முடிசூட்டப்பெற்றார். பின்னாளில் தம் பேரன் மூன்றாம் ஓட்டோ சிறுவனாக இருந்தபோது ஆட்சிப் பொறுப்பையும் ஏற்றார். 999இல் மறைந்த அவரைக் கத்தோலிக்கத் திருச்சபை 1097இல் புனிதராக அறிவித்தது. பேரன் பெயரும் பாட்டியின் பெயரும் பொறித்த வெள்ளிக் காசுகள் சாக்சனி நாட்டில் பெருமளவில் அடிக்கப்பட்டன. 'ஓட்டோ–அடெல்ஹைட் காசுகள்' என்றே நாணய ஆய்வாளர் அவற்றை வழங்குவர். காசு அடித்தவர்களுக்கு எழுத்துக்கூட்டு நன்றாகத் தெரியாது போலும். ஏ, டி, ஈ, ஏ, எச், எல், எச், டி என எழுத்துகள் முன்பின்னாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஆயினும், ஓர் அரசியின் பெயர் வெள்ளியில் பதிந்து ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்திருக்கிறது. சான்று என்றால் இதுதான் சான்று.

இத்தகைய அரசியர் மணமுடித்துச் சென்ற இடமெல்லாம் அப்பெயரும் உடன் சென்றது. பிரான்சில் 987இல் அரசனான ஊகோ கப்பேயின் மனைவியும் இதே பெயரினர். சிசிலித் தீவில் தம் மகன் இரண்டாம் ரொஜருக்காக ஆட்சி செய்த அரசியைத் தென்னிலத்தார் அடெலாசியா என்றனர். கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதி 1109இல் அவர் வெளியிட்ட ஆணை, ஐரோப்பாவில் எஞ்சியுள்ள தாள் ஆவணங்களில் மிகப் பழையது எனப்படுகிறது. அது பலெர்மோ ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

ஆலிஸ் எப்படி வந்தது?

இனி, அடெல்ஹைட் எப்படி ஆலிஸ் ஆயிற்று என்று பார்ப்போம். இங்கேதான் ஊகத்திற்கும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படும்.

இலத்தீன் ஆவணங்களில் இப்பெயர் 'அதெலாயிதிஸ்' என்பதுபோல் எழுதப்பட்டது. இரண்டு உயிர்களுக்கு இடையில் நின்ற 'த்' ஒலி வட பிரான்சு மக்களின் நாவில் மெலிந்து, பின் மறைந்தே போனது. அதெலாயிதிஸ் – அதெலாய்ஸ் – ஆஎலிஸ் – ஆலிஸ். "நீரும் விருப்பம்போல் எழுத்தை விழுங்குகிறீரே!" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். விருப்பம்போல் விழுங்கினால் அது ஏமாற்று. ஆனால், இந்த மறைவு இப்பெயருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இலத்தீனில் 'பார்த்தல்' என்பதற்கு 'விதேரே' என்று சொல். பழம் பிரெஞ்சில் அது 'வெஒயிர்'. 'கேட்டல்' என்பதற்கு இலத்தீனில் 'அவுதீரே'. பழம் பிரெஞ்சில் 'ஒயீர்'. அதே இடத்தில் அதே ஒலி அதேபோல் மறைகிறது.

இதனினும் வியப்பான சான்று ஒன்று உண்டு. தென் பிரான்சில் வழங்கும் ஒக்சித்தான் மொழியில் அந்த ஒலி மறையவில்லை. 'ஸ்' என்று அதிர்ந்தொலிக்கும் ஓர் ஒலியாக மாறியது. விதேரே அங்கே 'வெஸேர்'. அவுதீரே அங்கே 'அவுஸீர்'. அப்படியானால் அதெலாய்ஸ் என்னும் பெயர் தெற்கே எப்படி இருக்க வேண்டும்? 'அஸலாய்ஸ்' என்று இருக்க வேண்டும். இருந்ததா? இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் அம்மொழியில் பாடிய பெண்பாற்புலவர் ஒருவரின் பெயர் அஸலாய்ஸ் தெ போர்கைராக்ஸ். முன்கூட்டிக் கணித்துச் சொல்ல, அவ்வாறே ஆவணத்தில் கிடைக்கிறது. இதனை நான் ஆய்வு என்பேன். கிரேக்க 'அலேதேயா'வைக் கொண்டு வந்து ஒட்டுபவர் இப்படி ஒரு கணிப்பையேனும் காட்ட இயலுமா?

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் இப்பெயர் அங்கும் குடியேறியது. 1121இல் ஆங்கில அரசன் முதலாம் ஹென்றியை மணந்த லூவேன் நாட்டு இளவரசியை ஆவணங்கள் அதெலிசா, அதெலாயிதிஸ் எனப் பலவாறாகக் குறிக்கின்றன. அவருக்கு விலங்குகளைப் பற்றிய ஒரு நூலைப் படைத்த பிலிப் தெ தாவோன் என்ற புலவரோ 'ஆலிஸ்' என்கிறார். பெண் ஒருவரே, பெயர் வடிவங்கள் பல. இந்த ஒரு சான்றே 'அலேதேயா' கதையை வீழ்த்தப் போதுமானது. அலேதேயா என்பது தனிப்பெயராக இங்கிலாந்தில் வழங்கியதும் உண்மைதான். 1585இல் பிறந்த அரண்டல் கோமாட்டி அலேதேயா தால்பட் அப்பெயரினர். ஆனால், அவர் பிறப்பதற்கு 450 ஆண்டுகளுக்கும் முன்னரே ஆலிஸ் என்பார் ஆங்கில அரியணையில் அமர்ந்துவிட்டார்.

ஒரு வேர், பல கிளைகள்

ஒவ்வொரு மொழியும் இப்பெயரைத் தன் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டது. சுருக்கமாகப் பாருங்கள்:

– இத்தாலியிலும் போர்த்துகலிலும் அதெலாயிதே, இசுப்பானியாவில் அதெலாயிதா, போலந்தில் அதெலாய்தா.
– நெதர்லாந்துப் பகுதியில் அலைட், அலைடா, அலிடா. பிரசெல்சு நகருக்கு அருகில் வாழ்ந்து 1250இல் மறைந்த புனிதரை இலத்தீன் நூல்கள் அலைதிஸ் என்கின்றன. ஆங்கிலேயர் அவரையே ஆலிஸ் என்கின்றனர்.
– வட செருமானிய, பிரீசிய வட்டாரங்களில் எல்கே.
– பிரான்சில் ஆலிக்ஸ். குறுமை ஈறு பெற்று அலிசோன். அதுவே ஆங்கிலத்தில் அலிசன். 14ஆம் நூற்றாண்டுப் புலவர் சாசர் தம் கதைமாந்தருக்கு இப்பெயரைச் சூட்டியுள்ளார்.
– அயர்லாந்தில் அய்லீஷ், வேல்சில் அலிஸ்.
– சுவிட்சர்லாந்தில் ஹைடி. யோஹன்னா ஸ்பிரி 1880, 1881ஆம் ஆண்டுகளில் எழுதிய சிறுவர் நூலின் தலைவி இவள்தான். அக்கதையில் நகரத்து வீட்டின் கண்டிப்பான அம்மையார் ஹைடி என்று அழைக்க மறுத்து, திருமுழுக்குப் பெயரான அடெல்ஹைட் என்றே அழைப்பார்.
– ஆசுத்திரேலியாவில் 1836இல் நிறுவப்பட்ட அடிலெய்டு நகரம், ஆங்கில அரசன் நான்காம் வில்லியத்தின் துணைவியார் பெயரைப் பெற்றது. அவர் செருமானிய நாட்டில் பிறந்தவர்.

1862இல் விக்டோரியா அரசியாரின் மகள் ஆலிஸ் செருமானிய நாட்டில் மணமுடித்துச் சென்றார். அங்குள்ளோர் அவர் பெயரின் கடைசி எழுத்தையும் சேர்த்து ஒலித்துப் பெயரைப் பாழாக்குவதாகத் தம் தாயாருக்கு எழுதினார். அதனால் 1872இல் பிறந்த தம் மகளுக்கு ஆலிக்ஸ் என்று பெயரிட்டார். அந்தக் குழந்தைதான் பின்னர் உருசிய நாட்டின் கடைசிப் பேரரசி ஆனவர். செருமானிய மண்ணில் பிறந்த பெயர், பிரான்சு சென்று, இங்கிலாந்து சென்று, பிறந்த வீட்டுக்குத் திரும்பியபோது வீட்டாருக்கே அடையாளம் தெரியவில்லை! ஒலியை மட்டும் நம்பினால் தாயும் மகளும் ஒருவரையொருவர் அறியார் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

'அடல்' என்னும் என் புளுகு

இனி, நான் சமைத்த மூன்றாவது விடைக்கு வருவோம். தமிழ் 'அடல்' செருமானிய 'அடல்' ஆகுமா?

ஆகாது. ஏனெனில், செருமானியச் சொல்லில் உள்ள 'ட்' பிற்காலத்து ஒலி. நுனிநா பல்லைத் தொட, மூச்சை உரசவிட்டு எழுப்பும் ஒலிதான் அங்கே முதலில் இருந்தது. ஆங்கிலத்தில் எண்ணுதலைக் குறிக்கும் 'திங்க்' என்ற சொல்லின் முதலொலி அது. 8ஆம் நூற்றாண்டு தொடங்கி அவ்வொலி செருமானிய நாட்டின் தெற்கிலிருந்து வடக்காகப் படிப்படியே 'ட்' ஆயிற்று. ஆங்கிலம் பழைய ஒலியைக் காத்தது. ஆங்கிலத்தில் 'திங்' என்பது இடாய்ச்சில் 'டிங்'; 'த்ரீ' என்பது 'ட்ரை'; முள்ளைக் குறிக்கும் 'தார்ன்' என்பது 'டோர்ன்'. எனவேதான் பழைய ஆங்கிலத்தில் எதல், கோத்தியத்தில் அதல. பழைய வடிவத்தை எடுத்து வைத்தவுடன் ஒப்புமை கலைந்துவிடுகிறது.

தமிழ்ச் சொல்லும் தன் பங்குக்கு மறுக்கிறது. நம் 'அடல்' என்பது 'அடு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. அடுதல் என்றால் கொல்லுதல், வெல்லுதல். செருமானியச் சொல்லோ குடிப்பிறப்பைக் குறிப்பது. கொலையும் வெற்றியும் அதன் பக்கத்திலேயே இல்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். பெயரின் இரண்டாம் பகுதியாகிய 'ஹைட்' என்பதற்குச் சமற்கிருதத்தில் ஓர் உறவுச்சொல் உண்டு. அது எது தெரியுமா? 'கேது'. ஒளி, தோற்றம், அடையாளம் என்னும் பொருள்களில் வழங்கிய சொல். காதுக்குச் சற்றும் ஒவ்வவில்லை அல்லவா? ஆனால், மூலமொழியின் 'க்' செருமானிய மொழிகளில் 'ஹ்' ஆகும் என்பது விதி. இலத்தீனில் கொம்பைக் குறிக்கும் 'கோர்னு' ஆங்கிலத்தில் 'ஹார்ன்' ஆனது அவ்விதியால்தான். 1818இல் டென்மார்க்கு அறிஞர் ராஸ்கும், 1822இல் செருமானிய அறிஞர் யாக்கப் கிரிம்மும் இத்தகைய மாற்றங்களை ஒழுங்குபடுத்திக் காட்டினர். ஆக, அச்சாக ஒத்த அடலும் அடலும் உறவில்லை. அறவே ஒவ்வாத கேதுவும் ஹைட்டும் உறவு. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

"தமிழின் பெருமையைக் குலைக்கிறீரா?"

இப்படி எழுதினால் உடனே எழும் வினா இது. தமிழாசிரியரே தமிழ் வேரை மறுக்கலாமா என்பர். நான் உறுதியாகச் சொல்வேன்: பெருமையைக் குலைப்பவன் நானல்லன், ஒலி ஒப்புமையைக் கொண்டு தமிழுக்கு உலகை எழுதி வைப்பவர்தாம்.

எப்படி என்கிறீர்களா? தமிழ் சமற்கிருதத்தின் வழிவந்த மொழி என்று அறிஞர் உலகம் நம்பிய காலம் ஒன்று இருந்தது. இரண்டிலும் ஒத்த சொற்கள் ஏராளமாக இருந்தனவே! ஒலி ஒப்புமைதான் சான்று என்றால் அந்த வழக்கில் நாம் தோற்றிருப்போம். 1816இல் சென்னையில் பணியாற்றிய எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பம் எனச் சான்றுடன் எழுதினார். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தால் அதனை விரிவாக நிறுவினார். அவர்கள் கையில் இருந்த கருவி எது? அடிப்படைச் சொற்கள், இலக்கண அமைப்பு, ஒழுங்கான ஒலி மாற்றம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. அடெல்ஹைட்டை ஆலிஸுடன் இணைத்த அதே முறை.

நம் வீட்டிலேயே அதன் அழகைக் காணலாம். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் புலி, கன்னடத்தில் ஹுலி. தமிழில் பல், கன்னடத்தில் ஹல்லு. நாம் பேசிக்கொண்டிருக்கும் 'பெயர்' என்னும் சொல்லே கன்னடத்தில் 'ஹெசரு'. பழங்கன்னடத்தில் இச்சொற்கள் 'ப்' ஒலியுடனேயே இருந்தன. பெயரும் ஹெசருவும் உடன்பிறப்புகள் என்று நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வது ஒலி ஒத்திருப்பதால் அன்று. ஒலி ஒழுங்காக வேறுபட்டிருப்பதால்.

இந்த முறையைத் தூக்கி எறிந்துவிட்டு, 'ஒன்று' என்பதிலிருந்தே ஆங்கில 'ஒன்' பிறந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போர் நம்மிடையே உளர். அந்த ஆங்கிலச் சொல் பழைய ஆங்கிலத்தில் 'ஆன்', கோத்தியத்தில் 'ஐன்ஸ்', இலத்தீனில் 'ஊனுஸ்', அதற்கும் முன்னர் 'ஒயினோஸ்'. இன்றைய ஒலி இடையில் வந்து ஒட்டியது. ஒட்டியதைப் பார்த்து வேர் என்று கொண்டாடுகிறோம். தமிழின் தனித்தன்மையை உலகுக்கு மெய்ப்பித்த கருவியையே நாம் மழுக்கிவிட்டால், நாளை உண்மையான பெருமையை எடுத்துச் சொல்லும்போது யார் நம்புவார்? பொய்ச்சான்று பத்துக் கொடுத்தவனின் மெய்ச்சான்று ஒன்றையும் நீதிமன்றம் ஏற்காது.

"பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?"

இரண்டாவது மறுப்பு இது. தேர்வுக்கு வராத ஒன்றை ஏன் பேச வேண்டும் என்பர் சிலர். கிரிம்மின் விதியைத் தொடக்கப்பள்ளி மாணவர் மனனம் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கும் பழக்கம் பத்து வயதில் வேரூன்ற வேண்டும் என்கிறேன். பெயருக்குப் பொய்ப்பொருளைத் தயக்கமின்றி எழுதும் பிள்ளை, நாளைக்குப் புலனத்தில் வரும் பொய் மருத்துவக் குறிப்பையும் தயக்கமின்றிப் பகிரும். பழக்கம் ஒன்றுதான்; பாடுபொருள்தான் வேறு.

ஆகவே, பெயர்ப் பொருள் இடுபணியை நிறுத்த வேண்டா. அதனோடு நான்கு வினாக்களைச் சேர்த்துக் கொடுங்கள்.

1. இப்பெயர், அல்லது இச்சொல், எந்த நூலில் அல்லது ஆவணத்தில் காணப்படுகிறது? அதன் காலம் என்ன?
2. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வடிவம் எது?
3. ஒலி மாறியிருந்தால், அதே மாற்றம் வேறு சொற்களிலும் உண்டா?
4. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சென்றது என்றால், எவர் வழியாக, எந்தத் தொடர்பால் சென்றது?

ஆலிஸ் இந்த நான்கு வினாக்களுக்கும் விடை சொல்கிறாள். காசு இருக்கிறது, அதல என்னும் பழைய வடிவம் இருக்கிறது, விதேரேயும் அவுதீரேயும் துணைக்கு நிற்கின்றன, மணமுடித்துச் சென்ற அரசியர் வழியைக் காட்டுகின்றனர். அலேதேயா கதையும், அலீசா கதையும், என் அடல் கதையும் முதல் வினாவிலேயே வாய் மூடிக்கொள்கின்றன.

தமிழ்ப் பெயர்களுக்கும் சொற்களுக்கும் இதேபோல் தேடக் கருவிகள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகரமுதலி இருக்கிறது. பர்ரோ, எமனோ ஆகிய இருவர் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிட வேர்ச்சொல் அகராதி இருக்கிறது. இவற்றை இணையத்திலேயே புரட்டலாம். பெயர்ப் பட்டியலைத் தட்டும் அதே விரலால் இவற்றையும் தட்டலாம்.

பெற்றோர்களே, பிள்ளைக்கு எந்தப் பெயரையும் சூட்டுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால், அதன் பொருளைச் சொல்லும்போது அறிந்ததைச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அடுத்த முறை மாணவர் ஏட்டில் பெயரின் பொருளைக் காணும்போது, சரி போடுமுன் ஓரத்தில் ஒரு வினாக்குறி இடுங்கள். "எங்கிருந்து தெரிந்துகொண்டாய்?" என்று கேளுங்கள். விடை தெரியவில்லை என்று மாணவர் சொன்னால், அந்த நேர்மைக்கு மதிப்பெண் கொடுங்கள். அவரோடு சேர்ந்து அகரமுதலியைத் திறங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்